மீன் வளர்த்த மருத்துவர் பிரான்சிஸ் டே

மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவன்

நம் கல்லூரி ஆண்டு மலருக்கு அறிஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரவேண்டும் என்று எங்கள் பேராசிரியர் பணித்தபோது, வகுப்பு நண்பர்கள் டார்வினையும் மெண்டலையும் சலீம் அலியையும் தமக்குள் பங்கிட்டுக் கொண்டனர். நான் கேட்டு வாங்கிக்கொண்ட பெயர் பிரான்சிஸ் டே. மீனியல் பயின்ற எவருக்கும் இப்பெயர் புதிதன்று. நம் ஆய்வகத்துக் கண்ணாடிக் குப்பிகளில் ஒட்டியிருக்கும் சீட்டுகளில், மீனின் அறிவியற் பெயருக்குப் பின்னால் சிறிய எழுத்தில் டே என்று இருப்பதை முதலாண்டு மாணவரும் கண்டிருப்பர். அந்தச் சிறிய எழுத்துக்குள் ஒரு முழு மனிதர் இருக்கிறார் என்பதை நான் அறிந்துகொண்டது ஒரு துயரத்தின் வாயிலாக.

துயரம் என்று சொன்னால் நண்பர்கள் நகைப்பார்கள். ஆயினும் சொல்லத்தான் வேண்டும். ஏற்காட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைத்து, கோமாளி மீன் இணை ஒன்றை வளர்த்து வருகிறேன். சென்னை கொளத்தூரில் வாங்கி வந்த இணை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், பலாவும் காப்பியும் விளையும் மலையில், பவளக் கடலின் மீனை வளர்ப்பானேன் என்று கேட்காத உறவினர் இல்லை. சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் அந்த இணை இட்ட முட்டைகள் பொரிந்து, இருநூறு குஞ்சுகளுக்குக் குறையாமல் வெளிவந்தன. மூன்றே நாளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த வாரத்தில்தான் நூலகத்தில் டேயின் வரலாற்றைப் படித்தேன். மலைக்கு மீன் கொண்டுவர முயன்று, இருமுறை முயன்று, இருமுறையும் இழந்தவர் அவர் என்று அறிந்ததும் புத்தகத்தை மூடாமல் வீட்டுக்கே எடுத்துச் சென்றேன்.

பிரான்சிஸ் டே 1829-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் இங்கிலாந்தில் சசெக்ஸ் மாவட்டத்து மேர்ஸ்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். நிலபுலன் உடைய குடும்பம். ஷ்ரூஸ்பரிப் பள்ளியில் பயின்றார். டார்வினும் இருபதாண்டுகளுக்கு முன் அங்கேதான் பயின்றார் என்பது ஒரு சுவையான ஒற்றுமை. பின்னர் இலண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் கற்று, 1851-இல் அறுவை மருத்துவராகத் தகுதி பெற்றார். அடுத்த ஆண்டே கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவப் பணியில் சேர்ந்து கப்பலேறினார். வந்தவுடன் இரண்டாம் பர்மியப் போர். அதன்பின் தக்காணத்துப் படைமுகாம்கள். இந்தப் பகுதியை நான் விரைந்து கடக்கிறேன். படைமுகாம் மருத்துவரின் வாழ்வில் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் அன்றி வேறென்ன இருக்கும்!

இங்கு ஒன்று கருதத் தக்கது. நம் நாட்டு மீன்களை முதன்முதலில் அறிவியல் முறையில் எழுதியோர் பெரும்பாலும் மருத்துவர்களே. விசாகப்பட்டினத்து மீன்களை 1803-இல் நூலாக்கிய பாட்ரிக் ரஸ்ஸல் மருத்துவர். கங்கை மீன்களை 1822-இல் எழுதிய ஹாமில்டன் மருத்துவர். தென்னாட்டு நன்னீர் மீன்களை 1849-இல் சென்னை இதழொன்றில் வரிசைப்படுத்திய ஜெர்டன் மருத்துவர். நான் வளர்க்கும் கோமாளி மீனின் நெருங்கிய உறவான செபே என்ற இனத்துக்கு 1853-இல் பெயரிட்ட பிளீக்கர், டச்சுக்காரரின் ஜாவாப் படையில் மருத்துவர். அறுவைக் கத்தியும், உடலைத் திறந்து பார்க்கும் பழக்கமும், மாலை வேளையில் சற்று ஓய்வும் உடையவர்கள் என்பதே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காமல் விலங்கியலுக்கு வந்த என் போன்றோருக்கு இது ஒரு சிறு ஆறுதல் என்றும் சொல்லி வைக்கிறேன்.

டேயின் வாழ்வில் திருப்பம் கொச்சியில் நேர்ந்தது. 1850-களின் இறுதியில் அங்கு மருத்துவராகப் பணியேற்றார். உப்பங்கழியும் கடலும் ஆறும் ஒன்றோடொன்று கலக்கும் ஊர் அது. காலையில் நோயாளிகள், அதன்பின் மீன்துறை. வலையிலிருந்து இறங்கும் மீன்களைப் பார்த்து, விலைக்கு வாங்கி, வரைந்து, சாராயத்தில் இட்டு வைத்தார். கொச்சி நாட்டின் வரலாற்றை 1863-இல் ஒரு நூலாகவும், மலபார் மீன்களை 1865-இல் மற்றொரு நூலாகவும் வெளியிட்டார். அந்த 1865-ஆம் ஆண்டில் அவர் பெயரிட்ட மீன்களுள் ஒன்றை இன்று உலகமே அறியும். முண்டக்கயம் மலைப்பகுதியிலிருந்து ஹென்றி பேக்கர் என்ற மறைப்பணியாளர் சேகரித்துத் தந்த சிறு கெண்டை அது. வெள்ளி உடலில் கரிய கோடு, அதன்மேல் செங்கோடு. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் சர் வில்லியம் டெனிசனின் பெயரை அதற்குச் சூட்டினார் டே. இன்று மிஸ் கேரளா என்ற செல்லப் பெயரோடு அலங்கார மீன் கடைகளில் நீந்துவது அதுவே. 1997-இல் சிங்கப்பூரில் நடந்த அலங்கார மீன் கண்காட்சியில் அது பரிசு பெற்ற பின், மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலிருந்து அள்ளி அள்ளி ஏற்றுமதி செய்தார்கள். இப்போது அது அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. சாராயக் குப்பியிலிருந்து கண்ணாடித் தொட்டிக்கு ஒரு மீன் நடத்திய பயணம் இது.

ஆளுநர் டெனிசனைப் பற்றி இன்னும் ஒன்று. சென்னைக்கு வருமுன் அவர் டாஸ்மேனியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர். இங்கிலாந்து ஆறுகளின் சால்மனையும் டிரவுட்டையும் தென் கண்டத்து ஆறுகளில் விட வேண்டும் என்ற ஆவல் அக்காலத்தில் அங்கே ஒரு பித்தாகவே இருந்தது. அதே பித்து நீலகிரியையும் பற்றியது. உதகையில் குளிரும் மழையும் ஓடையும் புல்வெளியும் இருந்தன. ஆங்கிலேயர் கண்ணுக்கு அங்கே குறைந்தது ஒன்றே: தூண்டிலில் சிக்க ஒரு டிரவுட். நம் சேர்வராயன் மலைக்கும் இந்த ஆசை புதிதன்று. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியையும் பேரிக்காயையும் கொண்டுவந்து நட்டார். ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் மரங்கள் இன்று எங்கள் தோட்டங்களுக்கெல்லாம் நிழல் தருகின்றன. மரம் வந்தது, செடி வந்தது, வேர் பிடித்தது. மீன் அப்படி வருமா?

வித்தும் நாற்றும் கப்பலில் மாதக்கணக்கில் காத்திருக்கும். மீன் முட்டை காத்திராது. டிரவுட் முட்டை குளிர்ந்த நீரில்தான் வளரும்; 10 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் ஏறத்தாழ ஆறு வாரத்தில் பொரியும். வெப்பம் கூடினால் நாள் குறையும், மேலும் கூடினால் முட்டை வெளுத்துச் சாகும். நீர் உறையும் அளவுக்குக் குளிர்வித்தால் உள்ளே கருவின் வளர்ச்சி மிக மெதுவாகும். அந்தத் தாமதத்தை நம்பித்தான் முட்டைகளை ஈரப் பாசியில் அடுக்கிப் பனிக்கட்டிக்கு நடுவே வைத்து அனுப்பும் முறையைக் கண்டுபிடித்தனர். 1864-இல் நார்ஃபோக் என்ற பாய்மரக் கப்பல் அவ்வாறே மூன்று மாதம் ஓடி ஆஸ்திரேலியாவை அடைந்தது. டாஸ்மேனியாவின் குளிர்ந்த குளத்தில் அவற்றுள் ஒரு பகுதி பொரிந்தது. அந்நாட்டு டிரவுட் அனைத்துக்கும் மூலம் அந்தக் கப்பலின் பனிப்பெட்டிதான் என்பார்கள்.

டே தம் முதல் முயற்சியைச் செய்தது 1863-இல். அது தோல்வியுற்றது. 1866-இல் மீண்டும் முயன்றார். அக்காலப் பயணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-இல். ஆகவே இங்கிலாந்திலிருந்து வருவோர் கப்பலில் அலெக்சாந்திரியா சேர்ந்து, அங்கிருந்து எகிப்தின் மணல்வெளியை இரயிலில் கடந்து, சூயஸில் வேறு கப்பலேறிச் செங்கடல் வழியாக வரவேண்டும். டாஸ்மேனியாவுக்குச் சென்ற கப்பலுக்கு நாட்கள் மிகுதி. ஆனால் பெட்டியை ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்கு மாற்ற வேண்டியதில்லை. இந்தியப் பாதையிலோ நாட்கள் குறைவு. ஏற்றுவதும் இறக்குவதும் அதிகம், வெப்பமோ கொடியது. பனிக்கட்டியும் அந்நாளில் இயந்திரத்தில் எளிதாகச் செய்யும் பொருளன்று. அமெரிக்க ஏரிகளில் வெட்டியெடுத்துக் கப்பலில் வந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம், அந்த அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842-இல் எழுந்ததே.

கரையிறங்கிய பின்னும் தொல்லை தீரவில்லை. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைப் பேப்பூர் வரை இருப்புப் பாதை 1862-இல் நிறைவெய்தியிருந்தது. அது நம் சேலம் வழியாகச் செல்லும் பாதைதான். லோக்கூர், டேனிஷ்பேட்டை என்று சேர்வராயன் அடிவாரத்தை ஒட்டியே அது வளைகிறது. மேட்டுப்பாளையத்துக்கு இரயில் வந்தது 1873-இல்தான். அதற்கு முன் மலையேறுவோர் கோயம்புத்தூர்ச் சமவெளியை மாட்டு வண்டியில் கடந்து, மலைப்பாதையில் குதிரையிலும் ஆட்கள் தோளிலும் ஏறினர். கப்பலில் பிழைத்த ஒரு முட்டை அந்தச் சமவெளியின் நண்பகலில் என்னவாகும்?

1866-இலும் டிரவுட் பிழைக்கவில்லை.

இவ்விடத்தில் என் தொட்டியைப் பற்றிச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். ஏனெனில் இவ்வரியைப் படித்தபோது என் மனத்தில் ஓடியது அதுதான். கோமாளி மீனின் நிலைமை டிரவுட்டுக்கு நேர் எதிர். அதற்கு 26 முதல் 28 பாகை வரை வெப்பம் வேண்டும். ஏற்காட்டில் கார்த்திகை, மார்கழி இரவுகளில் எங்கள் வீட்டுக்குள்ளேயே 15 பாகைக்கு இறங்கும். தொட்டியில் ஹீட்டர் இரவு பகலாக எரிய வேண்டும். பெண் மீன் ஓடு அல்லது பானைச் சில்லின்மேல் செம்மஞ்சள் நிறத்தில் முட்டைகளை ஒட்டவைக்கும். ஆண் மீன் வாயால் துடைத்தும் துடுப்பால் விசிறியும் காவல் காக்கும். ஏழு எட்டு நாளில், விளக்கணைந்த சற்று நேரத்தில், இருட்டிலே பொரியும். குஞ்சு மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம். அதன் வாய்க்குள் நுழையக்கூடிய உணவு ரோட்டிபர் என்னும் கண்ணுக்குத் தெரியாத சக்கர உயிரி ஒன்றே. அதை முன்கூட்டியே பச்சைப் பாசி நீரில் பெருக்கி வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருக்கவில்லை. அவித்த முட்டையின் மஞ்சட்கருவைக் கரைத்து ஊற்றினேன். நீர் கெட்டது. குஞ்சுகள் வயிறு ஒட்டிச் செத்தன. முந்தைய முறையோ தாய் தந்தையரே முட்டைகளைத் தின்றுவிட்டன. இரண்டு முறை முயன்று இரண்டு முறை இழந்தவன் நான். டேக்குக் கடலும் பாலையும் தடை; எனக்கு என் சோம்பலே தடை என்பதுதான் வேறுபாடு.

தோல்விக்குப் பின் அவர் என்ன செய்தார் என்பதுதான் என்னைக் கவர்ந்தது. அவர் நீலகிரியை விட்டுப் போய்விடவில்லை. அயல்நாட்டு மீனுக்கு இடம் தேடிய ஓடைகளிலும், மலையடிவார ஆறுகளிலும், முன்பே வாழும் மீன்கள் எவை என்று தேடத் தொடங்கினார். நீலகிரி மீன்களையும் மலையைச் சுற்றியுள்ள ஆறுகளின் மீன்களையும் பற்றி 1867-இல் இலண்டன் விலங்கியல் கழக இதழில் எழுதினார். பவானி ஆற்றின் சிற்றயிரை ஒன்றுக்கும் டெனிசன் பெயரையே இட்டார். கொண்டுவந்தது வாழவில்லை, வாழ்ந்துகொண்டிருந்தது கண்ணில் பட்டது. டிரவுட் தோல்வியையும் அவர் மறைக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1876-இல், இந்தியாவுக்கு டிரவுட்டும் டென்ச் மீனும் கொண்டுவரும் முயற்சிகளைப் பற்றி லின்னேயன் கழக இதழில் கட்டுரை எழுதினார். நம் செய்முறைப் பதிவேட்டில் சரியாக வராத சோதனையைக் கிழித்துவிட்டு நண்பனின் அளவைப் பார்த்தெழுதும் வழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. யாரென்று சொல்ல மாட்டேன்.

வீட்டில் மீன் வளர்த்துக் கவனிப்பதிலும் டே வல்லவர். விராலும் கொரவையும் பனையேறிக் கெண்டையும் நீரை விட்டு வெளியே எடுத்தாலும் நெடுநேரம் உயிரோடிருப்பதை நம் சந்தைகளில் எவரும் காணலாம். கூடையில் ஈரத்துணி போட்டு விரால் விற்கும் அம்மாவுக்குத் தெரிந்த செய்தி இது. ஆனால் ஏன்? அந்த மீன்களைப் பாத்திரத்தில் விட்டு, நீர்மட்டத்துக்குக் கீழே வலையைக் கட்டி, மேலே வரமுடியாதபடி செய்து பார்த்தார் டே. நீர் தூய்மையாகவே இருந்தும், மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்க முடியாத மீன்கள் மூச்சுத் திணறி இறந்தன. அதாவது விரால் நீருக்குள்ளேயே மூழ்கிச் சாகும். இதைவிட எளிய கருவியில் இதைவிடத் தெளிவான சோதனை உண்டா? இரக்கமில்லாத சோதனை என்று சிலர் சொல்லக்கூடும். அதையும் மறுக்க முடியாது.

1867-இல் சர் ஆர்தர் காட்டன் ஒரு கேள்வி எழுப்பினார். காவிரியிலும் கோதாவரியிலும் தாம் கட்டிய அணைகளே மீன்களின் வழியை அடைத்துவிட்டனவோ என்ற ஐயம் அது. கட்டியவரே கேட்ட கேள்வி என்பதால் அரசு செவிசாய்த்தது. மீன் ஆய்வுக்கு டே அமர்த்தப்பட்டார். கொள்ளிட அணைகளுக்கு வந்தார். கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறும் உள்ளம் மீன் அணைச் சுவரில் மோதித் திரும்புவதையும், அணையின் அடியில் கூடி நிற்கும் மீன்களை வலையிட்டு வாரிக்கொள்வதையும் பற்றி எழுதினார். அணைகளில் மீன் ஏறிச் செல்லப் படிவழி விடவேண்டும், வலைக்கண்ணுக்குக் குறைந்த அளவு வேண்டும், குஞ்சு மீனைப் பிடிப்பதைத் தடுக்க வேண்டும், நீரில் நஞ்சு கலந்து பிடிப்பதை ஒழிக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தார். 1871-இல் இந்தியாவின் மீன்வளத் தலைமை ஆய்வாளர் பதவி அவருக்கு வந்தது. 1873-இல் நன்னீர் மீன்வளம் பற்றி ஒன்றும் கடல் மீன்வளம் பற்றி ஒன்றுமாக இரண்டு பேரறிக்கைகள் அச்சாயின. உப்பு வரியால் மீனவர் மீனை உப்பிட்டுக் காக்க வழியின்றி வருந்துவதையும் அவர் எடுத்துக் காட்டினார்.

இவ்விடத்தில் என் கருத்து ஒன்று. அந்த அறிக்கைகளில் ஊராரின் மீன்பிடி முறைகளைப் பற்றி அவர் எழுதியிருப்பது சற்றுக் கடுமை. வாய்க்காலில் குஞ்சு மீனை அள்ளும் ஏழைக்கு அன்றைய சோற்றுக்கு அதுவே குழம்பு என்பதை ஓர் ஆங்கில அதிகாரி முழுதும் உணர்ந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் அணைதான் முதற்குற்றவாளி என்று அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே சொன்ன அதிகாரியும் அவரே. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரியில் உள்ளம் மீன் ஏறிவந்த காலம் பழங்கதையாயிற்று. சேலம் மாவட்டத்தார் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

இப்பணிகளின் நடுவே அவர் இல்லத்தில் இருள் சூழ்ந்தது. 1857-இல் மணந்த முதல் மனைவி 1869-இல் காலமானார். 1872-இல் மறுமணம், அந்த அம்மையாரும் மறு ஆண்டே மறைந்தார். எஞ்சியவர்கள் இரு பெண் குழந்தைகள். பேரறிக்கைகள் வெளிவந்த 1873-ஆம் ஆண்டும் அவர் இரண்டாம் மனைவியை இழந்த ஆண்டும் ஒன்றே என்பதை நூலகத்தில் இரு வேறு பக்கங்களில் கண்டு ஒப்பிட்டபோது சற்று நேரம் மேலே படிக்க இயலவில்லை.

அவருடைய பெருநூலான இந்திய மீன்கள் 1875 முதல் 1878 வரை நான்கு பகுதிகளாக இலண்டனில் வெளிவந்தது. ஏறத்தாழ 200 படத்தகடுகள். மீன்களை அவரே வரைந்தார். செதில்களை வரிசை வரிசையாக எண்ணி, துடுப்பு முட்களை எண்ணி, ஒவ்வொரு மீனுக்கும் தமிழ், தெலுங்கு, மலையாளம் முதலிய மொழிகளில் மீனவர் வழங்கும் பெயரையும் கூடியமட்டும் குறித்தார். நம் மொழியின் மீன்பெயர்கள் பல இவ்வாறு ஆங்கில எழுத்தில் குறுகி நெளிந்து அந்நூலில் கிடக்கின்றன. அவற்றைத் தேடிப் படித்துச் சரியான தமிழ் வடிவம் காண்பது நம் தமிழ்த்துறை நண்பர்களும் எங்கள் துறையும் சேர்ந்து செய்யத்தக்க பணி.

கோமாளி மீன்களின் இனமும் அந்நூலில் இருக்கிறது. அப்பக்கத்தைத் தேடித்தான் முதலில் அந்நூலைப் புரட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சாராயத்தில் கிடந்த கோமாளி மீனின் செம்மஞ்சள் நிறம் வெளுத்துவிடும். அது கடற்சாமந்தியின் கொட்டும் கைகளுக்கு நடுவே குடியிருப்பதை காலிங்வுட் என்பவர் 1868-இல்தான் எழுதினார். பிறக்கும்போது எல்லாம் ஆணாகவே பிறந்து, கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறும் என்பது அறிவியலுக்குத் தெளிவானது 1977-இல். டே எண்ணிய செதில்களும் முட்களும் சரி. அந்த மீனின் வாழ்க்கை அவர் அறியாதது. மீனைக் கொன்று அறியலாம், வளர்த்தும் அறியலாம். விராலை அவர் இருவழியிலும் அறிந்தார். கோமாளி மீனை வளர்க்கும் வாய்ப்பு அவர் காலத்தில் எவருக்கும் இல்லை. நம் நாட்டில் விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் மத்திய கடல் மீன்வள நிலையத்தாரும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் அதைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்து காட்டிய பின்னரே என் போன்றோர் வீட்டில் முயலத் துணிந்தோம்.

1877-இல் டே பணியிலிருந்து ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பி, செல்டனாம் நகரில் குடியேறினார். ஓய்வு என்பது பெயரளவுக்கே. பிரிட்டன், அயர்லாந்து மீன்களைப் பற்றி நூல் எழுதினார். தம்மை இருமுறை ஏமாற்றிய அந்த டிரவுட் குடும்பத்தைப் பற்றியே 1887-இல் தனி நூல் வெளியிட்டார் என்றால் அவர் பிடிவாதத்தை என்னென்பது! பிரிட்டிஷ் மியூசியத்தின் மீன் பிரிவுத் தலைவர் குந்தருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரே மீனுக்கு இருவரும் இரு பெயர் சொல்வதும், ஒருவர் பிழையை மற்றவர் இதழ்களில் எடுத்துக் காட்டுவதுமாக ஆண்டுகள் ஓடின. அதன் விளைவு நமக்கும் உண்டு. அவர் சேகரித்த இந்திய மீன்கள் கல்கத்தா, இலண்டன், லைடன், வியன்னா, பெர்லின் என்று சிதறின. 1883-இல் இலண்டனில் நடந்த மீன்வளக் கண்காட்சியை ஒட்டிப் பெரும் பகுதி சிட்னியில் உள்ள ஆஸ்திரேலிய மியூசியத்துக்குப் போயிற்று. பவானி ஆற்று மீனின் மூல மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் கடல் கடக்க வேண்டிய நிலை. இரண்டு அறிஞர்களின் மனக்கசப்புக்கு நம் மீன்கள் கொடுத்த விலை இது.

பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் என்ற வரிசையில் மீன்களுக்கான இரண்டு தொகுதிகளும் 1889-இல் வெளிவந்தன. 1,400-க்கும் மேற்பட்ட இனங்கள் அவற்றில் இடம்பெற்றன. அதே ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் புற்றுநோயால் செல்டனாமில் டே காலமானார். வயது அறுபது.

அவர் பரிந்துரைத்தவற்றுள் சில பின்னர் நிறைவேறின. வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன்பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல் வந்தது. டிரவுட்டும் ஒருநாள் நீலகிரி ஏறியது. 1882-ஐ ஒட்டி இலங்கையின் நுவரெலியாவிலும், 1900-இல் காஷ்மீரிலும் டிரவுட் முட்டை பொரிந்தது. சென்னை அரசின் மீன் வளர்ப்பு வல்லுநர் வில்சன் 1907-இல் நீலகிரி அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார். அவர் நம்பியது இங்கிலாந்தின் பழுப்பு டிரவுட்டை அன்று. வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் அமெரிக்க வானவில் டிரவுட்டை. அதற்குள் கால்வாய் திறந்திருந்தது, கப்பல் விரைவாகியிருந்தது, பனிக்கட்டி இயந்திரத்தில் பிறந்தது. அயல் மீனை ஓடையில் விடுவது அங்குள்ள மீனுக்குக் கேடாகலாம் என்ற இக்கால அறிவு அன்று டேயிடமும் இல்லை, வில்சனிடமும் இல்லை. 1952-இல் நம் நாட்டுக்கு வந்த திலேப்பியா இன்று எந்தக் குளத்தில் இல்லை? என் கோமாளி மீன்கள் கண்ணாடியை விட்டு வெளியேறாதவை என்பதில் எனக்கு நிம்மதியே.

மார்கழியில் என் மீன் இணை மூன்றாம் முறை முட்டையிட்டது. இம்முறை ஒரு மாதம் முன்னதாகவே ஐந்து கண்ணாடிக் குடுவைகளில் பச்சைப் பாசி நீர் வளர்த்து, அதில் ரோட்டிபரைப் பெருக்கி வைத்திருந்தேன். முட்டையிட்ட எட்டாம் நாள் இரவு பொரிந்தது. ஐந்தாம் நாள் குஞ்சுகளின் வயிறு உருண்டிருந்தது. ஆறாம் நாள் இரவு பத்து மணிக்கு மலையில் பெருங்காற்று, மின்சாரம் நின்றது. ஹீட்டர் அணைந்தது. நள்ளிரவில் வெப்பமானி 21 காட்டியது. அம்மா விறகடுப்பைப் பற்றவைத்தார். கொதிநீரைக் கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பி, தொட்டியில் மிதக்கவிட்டு, ஆறியதும் எடுத்து மீண்டும் நிரப்பி, இருவரும் விடியும்வரை மாறிமாறிச் செய்தோம். அப்பா தம் கம்பளியைத் தொட்டிக்குப் போர்த்திவிட்டுத் துண்டோடு படுத்தார். செங்கடலில் கப்பலின் அடித்தட்டில் பனிப்பெட்டி உருகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எத்தகையது என்று அந்த இரவில் எனக்குச் சிறிது விளங்கிற்று. காலை ஏழு மணிக்கு மின்சாரம் வந்தது. தொட்டியின் அடியில் வெள்ளைப் புள்ளிகளாக இறந்தவை கிடந்தன. எண்ணி முடிக்க மனமில்லை, பதிவேட்டுக்காக எண்ணினேன். நூற்று ஐம்பத்தாறு.

பன்னிரண்டாம் நாள் உயிரோடிருந்தவற்றின் தலையில் முதல் வெள்ளைப் பட்டை தெரிந்தது. இப்போது பதினொன்று இருக்கின்றன. அவற்றுள் நான்கைப் பேராசிரியரின் ஒப்புதலோடு நம் துறைத் தொட்டிக்குச் சென்ற மாதம் கொண்டுவந்தேன். ஏற்காட்டிலிருந்து முதல் பேருந்து. பாலித்தீன் பையை மடியில் வைத்து, அதன்மேல் அம்மாவின் சால்வையைச் சுற்றி, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பையை அசையாமல் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அடிவாரம் வந்ததும் வெயில் ஏறியதால் சால்வையை அகற்றிவிட்டேன். நால்வரும் நலமே. நண்பகல் இடைவேளையில் துறைக்கு வந்தால் காணலாம். கண்ணாடியைத் தட்ட வேண்டாம்.